அக்ரிலிக்கா, எனாமலா? டர்பன் வீட்டில் ஒரு கவச வண்டி

தென்னாப்பிரிக்கப் படை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு ஓட்டிச் சென்ற மார்மன்-ஹெரிங்டன் கவச வண்டி இந்த நாட்டிலேயே கட்டப்பட்டது. கனடாவின் ஃபோர்டு அடிச்சட்டத்தின் மேல் உள்ளூர் எஃகுத் தகடு. போலந்தின் ஐபிஜி நிறுவனம் இதை 1/35 அளவில், நாமே ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டாகத் தருகிறது. ஒட்டுவதில் யாருக்கும் சண்டை இல்லை. பெயிண்டைப் பற்றிப் பேச்செடுத்தால்தான் ஆளுக்கொரு கட்சி.

அடிப்பூச்சுக்கு என் ஓட்டு தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக்குக்குத்தான். டர்பெண்டைனில் கரைக்கும் எனாமல் ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாளாவது கேட்கும். டர்பனில் சாட்ஸ்வொர்த்தின் ஒட்டு வீடுகளில் டர்பெண்டைன் பாட்டிலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஆச்சி சுவர் வழியாகவே விசாரிப்பார். ஆனால் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) இல்லாமல் தூரிகையால் மட்டும் பூசுகிறவர் எனாமலை விட்டுவிடத் தேவையில்லை. அது தானே பரவிச் சமமாகி, தூரிகைக் கோடுகளை மறைத்துவிடும். டர்பனின் ஈரக் காற்றில் அக்ரிலிக்கும் மெதுவாகக் காய்ந்து ஓரளவு ஒத்துழைக்கும். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் அதே பெயிண்ட் ஏர்பிரஷ் முனையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அங்கே உலர்வைத் தாமதப்படுத்தும் கலவை இல்லாமல் முடியாது.

பெயிண்ட் உரிந்த தோற்றத்திலும் அக்ரிலிக்கே முந்துகிறது. அடர்பழுப்பு அடிப்பூச்சு காய்ந்ததும் ஹேர்ஸ்ப்ரே அடித்து, அதன் மேல் மணல் நிறம். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த கட்டைத் தூரிகையால் கதவோரத்தைத் தட்டினால், உள்ளே ஹேர்ஸ்ப்ரே கரைந்து மேல்நிறம் பொடிப்பொடியாக உதிரும். மேலே எனாமல் பூசியிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது.

வாஷ், அதாவது இடுக்குகளில் நிழல் காட்ட நீர்க்கக் கரைத்து ஓடவிடும் நிறம், என்று வந்துவிட்டால் ஆட்டம் மாறுகிறது. டர்பெண்டைனில் கரைத்த பழுப்பு ஆயில் பெயிண்டை ஆணித்தலையின் அடியில் ஒரு சொட்டு வைத்தால் போதும்; அது வட்டமிட்டு ஓடி, தகட்டு விளிம்பு வரை தானே போய்ச் சேரும். அதிகமானால் அரை மணி கழித்தும் டர்பெண்டைனில் நனைத்த தூரிகையால் துடைக்கலாம். அக்ரிலிக் வாஷ் அந்த அவகாசத்தைத் தராது. ஓரத்தில் கறைவளையம் விட்டுக் காய்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை டர்பெண்டைன் கரைப்பதில்லை என்பதால் கீழே அக்ரிலிக், இடையில் பளபளப்பு வார்னிஷ், மேலே ஆயில் அல்லது எனாமல் என்ற வரிசை எப்போதும் கைகொடுக்கும். அரைகுறையாகக் காய்ந்த எனாமல் மேல் அக்ரிலிக் போட்டால் வெடிப்பு விடும்.

ஒரு குறை சொல்ல வேண்டும். கடலோரத்துக்காரர்கள் வாசல் கேட்டைப் பார்த்தே வண்டிக்கும் ஆரஞ்சுத் துருவை அப்புகிறார்கள். பாலைவனத்தில் ஓடிய வண்டிக்கு அது பொருந்தாது; அங்கே புழுதிதான் முதல் நிறம். சக்கர வளைவுகளிலும் அடித்தகட்டிலும் வெளிர்மணல் நிறப் பொடியைத் தூவி, டர்பெண்டைன் ஒரு துளி விட்டுப் பிடிக்க வைத்தால் போதும்.

பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தருகிறவர்கள் டர்பெண்டைன் பக்கமே போக வேண்டாம். அக்ரிலிக் மட்டும் போதும். வாஷில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊசிமுனை அளவு கலந்தால் அந்தக் கறைவளையமும் பாதி குறையும்.