121 போட்ட டயர் 115-ஐ விடக் குறைவாகத் தாங்கும்: எல்டி டயரை நீண்ட நாள் ஓட்டினால் தெரிவது

265/70 ஆர்17 அளவில் இரண்டு டயர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் பக்கச் சுவரில் 115டி என்று இருக்கிறது. இன்னொன்றில் அளவுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக், அதாவது சிறு சரக்கு வண்டி வகை), பின்னால் 121/118எஸ், லோடு ரேஞ்ச் ஈ (எவ்வளவு காற்று வரை அடிக்கலாம் என்பதைக் காட்டும் எழுத்து). இந்த எண்கள் லோடு இண்டெக்ஸ், ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு; கூடவே வரும் டி, எஸ் வேகக் குறியீடு. 115 என்றால் 1,215 கிலோ, 121 என்றால் 1,450 கிலோ. 118 என்பது ஒரே பக்கத்தில் ஜோடிச் சக்கரம் மாட்டும் வண்டிக்கு, அதாவது டயருக்கு 1,320 கிலோ. சாதாரண பிக்கப்புக்கு அது தேவையில்லை.

பெரிய நம்பரைப் பார்த்து எல்டி வாங்கி மாட்டிவிட்டு, கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 35 பிஎஸ்ஐயையே அடித்து ஓட்டுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த 1,450 கிலோ 80 பிஎஸ்ஐ இருந்தால்தான். 35-ல் அதே டயர் 900 கிலோவைக்கூட எட்டாது. 115டி-யோ தன் முழு 1,215 கிலோவை 36 பிஎஸ்ஐயிலேயே கொடுத்துவிடும். கார் வகை டயரைப் பிக்கப்பில் மாட்டும்போது 1.1-ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படிக் கழித்தாலும் 1,104 கிலோ நிற்கிறது. சுமையைத் தாங்குவது காற்று; ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் பைதான்.

இதே கணக்கில் இன்னொன்றும் உண்டு, கடைக்காரர்கள் சொல்வதில்லை. அதே அளவில் லோடு ரேஞ்ச் சி டயர் 112/109 என்று வரும்: 50 பிஎஸ்ஐயில் 1,120 கிலோ. எந்தக் காற்றில் எவ்வளவு சுமை என்று காட்டும் எல்டி அட்டவணைப்படி ஈ டயரும் 50 பிஎஸ்ஐயில் அதே 1,120 கிலோதான். ஈ கூடுதலாகத் தருவது 50-க்கு மேல் 80 வரை காற்றடிக்கும் அனுமதியை. அந்தக் காற்றை அடிக்கப் போவதில்லை என்றால், டயருக்குச் சில கிலோ கூடுதல் எடையைச் சும்மா சுழற்றிக்கொண்டிருப்பீர்கள். பிரேக், சஸ்பென்ஷன், எரிபொருள் மூன்றிலும் அது தெரியும். காலி வண்டியில் ஒவ்வொரு குழியும் முதுகில் வந்து இறங்கும்.

காற்று குறைவாக எல்டி ஓடினால் முதலில் தேய்வது இரண்டு தோள்கள், அதாவது தரையைத் தொடும் டிரெட்டின் இரு ஓரங்கள். நடுவில் பட்டை இன்னும் உயரமாக நிற்கும்போதே ஓரக் கட்டைகள் வழுவழுப்பாகிவிடும். அப்புறம் பக்கச் சுவரைச் சுற்றி வளையமாக ஒரு உரசல் தடம் விழும். ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள்: கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி ஒட்டினால், சுவர் மடிந்து மடிந்து உள் அடுக்கே அரைபட்டிருக்கிறது. அந்த டயரில் காற்றைக் கூட்டிப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். சுவர் மடிந்தால் சூடு, சூட்டில் டிரெட்டுக்கு அடியில் இருக்கும் கம்பி அடுக்கான பெல்ட்டின் ஓரம் பிரியும். நெடுஞ்சாலையில் திடீரென்று தட் தட் என்று துடிப்பு வந்தால் உடனே ஓரம் கட்டி, டிரெட்டில் புடைப்பு இருக்கிறதா பாருங்கள்.

சரியான காற்றைக் கண்டுபிடிக்க எடைமேடைக்குப் போவதுதான் நேர்வழி. பயணத்துக்குப் போகிற அதே சுமையோடு போங்கள்: டேங்க் நிறைய எரிபொருள், தண்ணீர், கூரைப் பெட்டி, ஆட்கள். முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக ஏற்றி எடை எடுங்கள். பின் அச்சு 1,800 கிலோ என்று வைப்போம். பாதி 900. ஆனால் தண்ணீர்த் தொட்டியும் இரண்டாவது பேட்டரியும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் 950 வரும். அதற்கு மேல் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி விட்டால் சுமார் 1,075. ஆகவே எல்டி அட்டவணைப்படி பின்னுக்கு 48 முதல் 50 பிஎஸ்ஐ. முன் அச்சு 1,300 கிலோதான் என்றால் 36 முதல் 38 போதும். டிரெய்லர் இழுப்பவர்கள் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். கொக்கியில் 250 கிலோ இறங்கினால் பின் அச்சில் ஏறுவது அதைவிட அதிகம், ஏனென்றால் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிவிடும்.

பிறகு வண்டி ஓட்டியே சரிபார்க்கலாம். டிரெட்டுக்குக் குறுக்கே சாக்பீஸால் தடிமனாகக் கோடு இழுத்து, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. இன்னொன்று, காலையில் குளிர்ந்த டயரை அளந்து, ஒரு மணி நேரம் ஓடியதும் மீண்டும் அளப்பது. எல்டியில் 6 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறினால் சரி. 10 ஏறினால் டயர் வேகிறது. குளிர்ந்த காற்றைக் கூட்டுங்கள், அல்லது சுமையை இறக்குங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் காற்றை இறக்கவே கூடாது.

மணலில் 18 பிஎஸ்ஐ வைப்பதும் இதே கணக்கில்தான் வரும். அந்தக் காற்றில் டயரின் தாங்குதிறன் பெரிதாக விழுந்திருக்கும், மெதுவாக ஓடுவதால்தான் பிழைக்கிறது. தார் ரோடு ஏறியதும் காற்றடிக்காமல் வேகம் எடுப்பவர்களின் டயர்தான் முன்னே சொன்ன கரித்தூளைக் காட்டும்.

ஈ டயரை '10 பிளை' (பத்து அடுக்கு) என்று சொல்லும் பேச்சை அதிகம் நம்பாதீர்கள். பருத்தி நூல் காலத்துக் கணக்கு அது. இன்றைய 10 பிளை டயருக்குப் பக்கச் சுவரில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ பாலியெஸ்டர் அடுக்குதான். கூர்க்கல் கிழிக்காமல் இருக்க வேண்டுமென்றால் லோடு இண்டெக்ஸைப் பார்க்காமல், சுவரில் எத்தனை அடுக்கு என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

ரிம்மையும் விட்டுவிடக் கூடாது. அதன் உள்பக்கம் தாங்குதிறன் பொறித்திருப்பார்கள். 1,450 கிலோ டயரை 1,000 கிலோ ரிம்மில் மாட்டினால் கணக்கு 1,000-தான். சாதாரண ரப்பர் வால்வு, டிஆர்413, 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதற்கு மேல் அடிப்பதாக இருந்தால் நட் போட்டு இறுக்கும் உலோக வால்வு மாற்றுங்கள், சின்னச் செலவுதான்.

தேர்வு என்று வந்தால்: இழுவை வேலையோ நிரந்தரச் சுமையோ இல்லாத வண்டிக்கு, ஸ்டிக்கர் கேட்கும் இண்டெக்ஸுக்குக் குறையாத லோடு ரேஞ்ச் சி போதும். மேலே சொன்ன இடைவெளியும் சேர்த்துப் பின் அச்சு ஒரு சக்கரத்துக்கு 1,100 கிலோவைத் தாண்டினால் ஈ வாங்குங்கள், அதற்கேற்ற காற்றையும் அடியுங்கள்.