வாய்க்கால் ஆழமும் டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரும்

மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாயின் கிளை வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் தளம் வடிவமைப்பது என் தொழில். அகலம், வாட்டம் (சரிவு), வரவேண்டிய தண்ணீர் எல்லாம் தெரியும். எவ்வளவு ஆழத்தில் ஓடும் என்பதுதான் தெரியாது. வாய்க்காலில் ஓடும் நீரின் அளவைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் ஆழம் குறுக்குவெட்டுப் பரப்பிலும் வருகிறது, ஈரச் சுற்றளவிலும் (தண்ணீர் தொடும் அடி, பக்கங்களின் நீளம்) வருகிறது. தனியே பிரித்தெடுக்க முடியாது. இதற்காகவே டிஐ-84 பிளஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் பல ஆண்டுகளாக என் பையில் இருக்கிறது.

மேத் மெனுவின் கடைசியில் சால்வர் என்ற, சமன்பாட்டைத் தீர்க்கும் வசதி இருக்கிறது. ஒரு பக்கம் பூஜ்ஜியம் வரும்படி சமன்பாட்டை எழுதி, தெரிந்த மதிப்புகளைக் கொடுத்து, தெரியாததற்கு ஓர் உத்தேச எண் இட்டு, கர்சரை அங்கேயே வைத்து ஆல்ஃபா, என்டர் அழுத்தினால் போதும். அகலம் 2 மீட்டர், சொரசொரப்பு எண் 0.015, வாட்டம் 2,500-க்கு 1, நீர் வினாடிக்கு 1.68 கன மீட்டர் என்றால் ஆழம் 1 மீட்டர். ஆழம் 0.8 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றால்? சமன்பாட்டைத் தொடவே வேண்டாம், 0.8 இட்டுக் கர்சரை அகலத்துக்கு நகர்த்தினால் சுமார் 2.53 மீட்டர் என்று விடை வருகிறது. இந்த வசதிக்கு ஈடே இல்லை என்பேன்.

ஆனால் விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் சால்வரை மட்டும் நம்பக் கூடாது. ஷட்டருக்கு அடியில் பாயும் நீரின் ஆற்றல் சமன்பாட்டைப் பாருங்கள். மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு 2 கன மீட்டர், ஆற்றல் உயரம் (ஆழமும் வேகத்தால் வரும் உயரமும் சேர்ந்தது) 1.5 மீட்டர் என்றால் 0.44, 1.40 ஆகிய இரு ஆழங்களும் பொருந்தும், −0.33 என்ற பொருளற்ற விடையும் உண்டு. சால்வர் ஒன்றைத்தான் தரும். எதைத் தரும் என்பது பெரும்பாலும் நம் உத்தேச எண்ணைப் பொறுத்தது. அதனால் முதலில் வரைபடம் போட்டு, கோடு எங்கெங்கே வெட்டுகிறது என்று பார்த்து, சால்வரில் விடையைத் தேட வேண்டிய எல்லையைக் குறிக்கும் பவுண்ட் வரியில் அதைக் கொடுக்கிறேன். ஆழத்துக்கு எக்ஸ் என்ற எழுத்தை வைத்தால் கவனம் தேவை: வரைபடத்தில் கர்சரை நகர்த்தும்போது அதன் மதிப்பும் மாறிவிடும்.

திரை 96-க்கு 64 புள்ளிகள்தான். வளைவுகள் படிக்கட்டாகவே தெரியும். ஆனால் சித்திரை வெயிலில், செல்போன் திரை மங்கும் இடத்தில், இது தெளிவாகத் தெரிகிறது.

மாணவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் கணினித் திரையில் வரும் கால்குலேட்டர் மட்டுமே உண்டு. கல்லூரிக் கணக்குகளுக்குக் கேசியோ எஃப்எக்ஸ்-991 போதும். அதிலும் சால்வ் வசதி இருக்கிறது. வரைபடம் கிடையாது என்பதால், இரண்டு மூன்று உத்தேச எண்களைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.