கழிமுள்ளியா, ஓர்பூடா, அடும்பா?

கடலையொட்டிய உப்பங்கழியோரம் வீடு கட்டுகிறவர்கள் ஆசையாக ரோஜாவும் சாமந்தியும் வைப்பார்கள். போர் தண்ணீர் உப்பு. கொஞ்ச நாளிலேயே இலையோரம் கருகும். அதே கழியோரத்தில் எந்த வேலியும் இல்லாமல் கழிமுள்ளி, ஓர்பூடு, அடும்பு என்று மூன்று செடிகள் பூத்துக் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவற்றில் எதைத் தோட்டத்துக்குக் கொண்டுவரலாம்?

என் ஓட்டு கழிமுள்ளிக்கு. பிச்சாவரத்திலோ முத்துப்பேட்டையிலோ படகில் போனவர்கள் கரையோரம் பார்த்திருப்பீர்கள்: இடுப்பளவுப் புதர், பளபளக்கும் முள்விளிம்பு இலை, நுனியில் கதிராக அடுக்கிய ஊதா கலந்த நீலப் பூ. சங்கப் பாட்டின் முண்டகம் இதுதான் என்பார்கள். அணிற்பல் என்று அதில் உவமை சொன்னது இதன் முள்ளுக்குத்தான். பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலுதடே இருக்காது. அகன்ற கீழுதடு மட்டும் நாக்கை நீட்டினாற்போல் தொங்கும், அதில் வந்து உட்காரத் தேனீக்கள் போட்டி போடும். உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடுவதுதான் இதன் சாமர்த்தியம். மழையில்லாத நாளில் இலையை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும்.

குறையும் உண்டு. குழந்தைகள் ஓடியாடும் வாசலுக்கு இது ஆகாது. கவாத்து செய்யத் தடித்த கையுறை வேண்டும். காய் முற்றினால் வெடித்து விதை தெறிப்பதால் நீங்கள் நினைத்த இடத்தோடு நிற்காது. நிழலில் வைத்தால் முள் குறையும், ஆனால் பூவும் குறையும். தண்ணீர் தேங்கும் மூலை, வெயில், பின்பக்க வேலி: இந்த மூன்றும் ஒத்து வந்தால் இதற்கு இணையில்லை.

முள் வேண்டாம் என்பவர்களுக்கு ஓர்பூடு. தாவரவியலில் செசூவியம். சிவப்புத் தண்டு, தடித்த இலை, தரையோடு படரும் பாய். இது உப்பை வெளியேற்றாது, இலைக்குள்ளேயே சேமித்து வைக்கும். அதனால்தான் கீரையாகச் சமைப்பவர்கள் முதலில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். பூ இளஞ்சிவப்பு நட்சத்திரம், ஆனால் சட்டைப் பொத்தான் அளவுதான், சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பச்சை. பூவுக்காக வைப்பவர் ஏமாறுவார், தரையை மூட வைப்பவர் ஏமாற மாட்டார். ஒரு துண்டு ஒடித்து ஊன்றினால் கணுவுக்குக் கணு வேர் விடும். தண்ணீர் தேங்கினாலும் சரி, நாலு நாள் ஊற்ற மறந்தாலும் சரி.

அடும்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழகான கொடிதான், காலையில் விரியும் அந்த ஊதாப் புனல் பூவும், மான்குளம்பு போலப் பிளந்த இலையும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அது மணல் செடி, சேற்றுச் செடி அல்ல. களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அழுகும். மணலில் விட்டாலோ பத்திருபது மீட்டர் ஓடிப் பக்கத்து வீட்டுக்குள் புகும். கடலைப் பார்த்த வெளி மதிலுக்கு அப்பால் மணல் பறக்காமல் பிடித்து நிறுத்த மட்டும் வையுங்கள்.

அலையாத்திக் காட்டுக்குள் போய்ச் செடியைப் பிடுங்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். ஏற்கெனவே வளர்ப்பவரிடம் தண்டு கேளுங்கள். கழிமுள்ளியும் ஓர்பூடும் தண்டிலேயே துளிர்க்கும். வீட்டில் நல்ல தண்ணீர்தான் வருகிறது என்றாலும் தயங்க வேண்டாம்: இரண்டும் உப்பைத் தாங்கும் செடிகளே தவிர, உப்புக்கு ஏங்கும் செடிகள் அல்ல. ஓர்பூட்டின் கரிப்பு மட்டும் சற்றே குறையும்.