டாஸ்கிங் மேனேஜர்: ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் பயன்படுத்திப் பார்த்தது

முப்பது வருஷம் சங்கிலி பிடித்து, எஃப்.எம்.பி. என்ற புல வரைபடம் வரைந்து ஓய்வுபெற்ற சர்வேயர் நான். 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி துருக்கியிலும் சிரியாவிலும் நிலம் அதிர்ந்தது. நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை (என்.டி.ஆர்.எஃப்.) வீரர்கள் 'ஆபரேஷன் தோஸ்த்' என்று மோப்ப நாய்களோடு விமானம் ஏறிய அந்த வாரம், பேத்தி மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தாள். "தாத்தா, உங்க பழைய வேலைதான். திண்ணையில உக்காந்தே துருக்கிக்குச் செய்யலாம்."

யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்துக்கு ஆள் சேர்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இணையதளம்தான் டாஸ்கிங் மேனேஜர். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தை ஒட்டி உருவான 'ஹாட்' என்ற அமைப்பு நடத்துகிறது. காசு கிடையாது, தர வேண்டியதும் இல்லை. பாதித்த பகுதியைக் கட்டம் கட்டமாக வெட்டிப் போட்டிருப்பார்கள். ஒரு கட்டத்தை எடுத்தால் இரண்டு மணி நேரம் அது உங்கள் பெயரில் பூட்டியிருக்கும். செயற்கைக்கோள் படத்தின் மேல் வீடு வீடாகச் சுற்றி வரைய வேண்டும். நான்கு மூலையைச் சொடுக்கிவிட்டு க்யூ எழுத்தைத் தட்டினால் மூலைகள் தானாகச் செங்கோணமாகின்றன. என் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை ரப்பர் மிச்சமாகியிருக்கும்!

இடிந்த வீட்டை வரைந்து என்ன பயன் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நாம் வரைவது பெரும்பாலும் இடிவதற்கு முன் எடுத்த படத்தைப் பார்த்து. எந்தச் சந்தில் எத்தனை வீடு இருந்தது, லாரி எந்த வழியாகப் போக முடியும் என்பது மீட்புக்காரர்களுக்குத் தெரிய வேண்டாமா? டவர் விழுந்த ஊரிலும் இந்த வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் போனில் பார்க்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மறுபரிசோதனை. நாம் முடித்த கட்டத்தை வேறொருவர் சரிபார்க்கிறார். என் முதல் கட்டம் திரும்பி வந்தது. படம் சாய்வாக எடுக்கப்பட்டதால் உயரமான கட்டடங்கள் ஒருபக்கமாகச் சரிந்து தெரியும். நான் கூரையை மட்டும் வரைந்துவிட்டேன். 'வரைந்ததை அப்படியே இழுத்துச் சுவரின் அடிக்குக் கொண்டுவாருங்கள்' என்று எழுதியிருந்தார், எந்த நாட்டுக்காரரோ. அடுத்த கட்டத்தில் பிளாஸ்டிக் பசுமைக்குடில் வரிசையை வீடுகள் என்று போட்டிருந்தேன். அதையும் பிடித்தார். எங்கள் அலுவலகத்தில்கூட எஃப்.எம்.பி.-யை இவ்வளவு பொறுமையாக யாரும் பார்த்ததில்லை.

ஆனால் வானத்திலிருந்து பார்த்தால் கூரை தெரியும், பெயர் தெரியாது. அது பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா என்று உள்ளூர்க்காரர்தான் சொல்ல வேண்டும். காத்மாண்டு இளைஞர்கள் தங்கள் நகரத்துப் பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்கு முன்பே தெருத்தெருவாகப் போய்க் குறித்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரைந்தவர்களுக்கு அது பெரிய அஸ்திவாரம்.

சரி, நீங்கள் தொடங்குவதாக இருந்தால்: போனில் முயல வேண்டாம், கணினியும் மவுஸும் வேண்டும். வழிமுறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பேத்தி மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. முதலில் வயல்வெளிக் கட்டமாகப் பார்த்து எடுங்கள். நான் ஆசைப்பட்டு நகரத்தின் நடுக்கட்டத்தை எடுத்தேன். பாதியில் கரண்ட் போய், திரும்பி வருவதற்குள் இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. யாரோ அதை எடுத்து முடித்தே விட்டிருந்தார்.