பன்னிரண்டு வருடமாக ஒரே ஃபோல்டர் முறை: எது நின்றது, எது உதிர்ந்தது

2013 கடைசியில் என் கம்ப்யூட்டரில் ஃபைல்களை வைக்கிற முறையை உட்கார்ந்து அடியோடு மாற்றினேன். அதற்குப் பிறகு இரண்டு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப், நான்கு வெளி ஹார்டு டிஸ்க் பார்த்தாகிவிட்டது. விண்டோஸ் 7 போய் 10 வந்து இப்போது 11. நடுவில் இரண்டு வருடம் லினக்ஸிலும் குடியிருந்தேன். அன்றைக்குப் போட்ட திட்டத்தில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது என்ன, ஏன் மிஞ்சியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறவன். என்னிடம் இருப்பதெல்லாம் வேர்டு ஃபைல், பிடிஎஃப், ஸ்கேன் செய்த பக்கங்கள், வீட்டுப் படங்கள். வீடியோ எடிட் செய்கிறவர்களின் பிரச்சினை வேறு, அளவும் வேறு.

முறையை மாற்ற வைத்தது ஒரு விபத்து. பழைய லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று மூன்று வருடப் படங்களை வெளி டிஸ்குக்குத் தள்ளியிருந்தேன். காப்பி செய்யவில்லை, கட் செய்து ஒட்டினேன். அந்த ஃபோல்டருக்கு நான் வைத்த பெயர் 'பேக்கப்'. ஒரு நாள் நாற்காலியை நகர்த்தும்போது கேபிள் காலில் மாட்டி டிஸ்க் கீழே விழுந்தது. திரும்பச் செருகினேன். உள்ளிருந்து டிக், டிக், டிக் என்று கடிகாரம்போலச் சீரான சத்தம், திரையில் ஒன்றும் வரவில்லை. மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் தட்டிலேயே கீறல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டு வெளியே வைத்திருந்த ஒரே பிரதியை இத்தனை நாள் பேக்கப் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சூட்டோடு நான் போட்ட முதல் திட்டம் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஏழு அடுக்கு. பணி, அதற்குள் வருடம், அதற்குள் வாடிக்கையாளர், நூல், அத்தியாயம், வரைவு, திருத்தம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறே மாதத்தில் இரண்டு தொல்லை வந்தது. ஒன்று, ஒரு ஃபைலைத் திறக்க ஏழு முறை கிளிக் செய்யவேண்டும் என்பதால் அவசரத்தில் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே போட ஆரம்பித்தேன். இன்னொன்று, விண்டோஸின் 260 எழுத்து எல்லை. டிரைவ் பெயரில் தொடங்கி ஃபைல் பெயர் முடிகிறவரை உள்ள மொத்தப் பாதையும் அதற்குள் அடங்கவேண்டும். கம்ப்யூட்டரில் எப்படியோ அடங்கியிருந்த ஃபைல், வெளி டிஸ்கில் இன்னும் இரண்டு ஃபோல்டருக்கு உள்ளே காப்பி ஆகும்போது எல்லையைத் தாண்டி நின்றுவிடும். 2016-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இந்த எல்லையைத் தளர்த்த வழி உண்டு. ஆனால் பல புரோகிராம்கள் இன்னும் பழைய கணக்கிலேயே ஓடுகின்றன.

இப்போது மூன்று அடுக்குதான். மேலே ஐந்து ஃபோல்டர்: பணி, வீடு, படங்கள், படிக்க, கிடங்கு. அதற்குள் வருடமோ விஷயமோ, அதற்குள் ஃபைல். ஒரு ஃபைல் இரண்டு இடத்துக்கும் பொருந்தினால் (வேலைக்கு வாங்கிய பிரிண்டரின் ரசீது பணியா, வீடா?) தேடும்போது என் கை முதலில் எங்கே போகுமோ அங்கே போட்டுவிடுவேன். அதற்கு மேல் யோசிப்பது இல்லை. முன்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்கே கால் மணி நேரம் செலவழித்திருக்கிறேன்.

ஃபோல்டரைப் பற்றிய அக்கறை குறைந்ததற்கு இன்னொரு காரணம் எவ்ரிதிங் என்கிற சின்னத் தேடல் புரோகிராம். என்டிஎஃப்எஸ் (டிஸ்கில் ஃபைல்களை வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் அமைப்பு) டிஸ்க் ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள ஃபைல்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும். எவ்ரிதிங் நேரே அந்தப் பட்டியலைப் படித்துவிடுகிறது, ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்குவதில்லை. லட்சக்கணக்கான ஃபைல் இருந்தாலும் மூன்று எழுத்து அடிப்பதற்குள் விடை வந்து நிற்கும். பத்து வருடமாகத் தினமும் திறக்கிறேன். ஆனால் அது தேடுவது பெயரை. பெயர் 'ஸ்கேன்0042' என்று இருந்தால் எவ்வளவு வேகமாகத் தேடினாலும் என்ன கிடைக்கும்? அதனால் ஃபோல்டருக்குச் செலவழித்த யோசனை முழுவதும் ஃபைல் பெயருக்கு மாறியது. இப்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்த ஃபைல் ஃபோல்டரை விட்டுத் தனியாக எங்கேயாவது கிடந்தாலும், பெயரைப் பார்த்தே இது இன்னது என்று எனக்குத் தெரியவேண்டும்.

பெயரின் தொடக்கத்தில் தேதி. 2017-08-03 என்று வருடம், மாதம், நாள் வரிசையில். இது ஐஎஸ்ஓ 8601 என்று 1988-இல் வந்த உலகத் தரம். பெயர்வரிசைப்படி அடுக்கினாலே காலவரிசை தானாக வந்துவிடும் என்பதுதான் இதன் முழு லாபமும். ஃபைலுக்குள்ளேயே தேதி பதிந்திருக்குமே, பெயரில் வேறு எதற்கு என்று கேட்கலாம். விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் 'உருவான தேதி' காப்பி செய்த நாளாக மாறிவிடும், 'திருத்திய தேதி' பழையபடியே இருக்கும். என்னிடம் 2018-இல் பிறந்து 2011-இல் திருத்தப்பட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே திருந்திவிட்ட புண்ணியவான்.

எண் போடும்போது 01, 02 என்று பூஜ்யம் சேர்ப்பதை ஒரு அவமானத்துக்குப் பிறகுதான் கற்றேன். 214 பக்கப் புத்தகம் ஒன்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, 1 முதல் 214 வரை பெயரிட்டு, ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். விண்டோஸ் ஃபோல்டரில் பார்த்தபோது வரிசை சரியாக இருந்தது, ஏனென்றால் எக்ஸ்பி காலத்திலிருந்தே அது எண்ணை எண்ணாகவே பார்க்கிறது. பக்கங்களை ஒட்டிய புரோகிராம் எழுத்துவரிசையில் பார்த்திருக்கிறது: 1, 10, 100, 101, 102... முதல் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு அனுப்பினேன். "உங்கள் புத்தகம் முன்னும் பின்னும் ஓடுகிறதே சார்" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து 001.

'இறுதி' என்ற சொல்லுக்கு என் கம்ப்யூட்டரில் ஏறக்குறையத் தடை. பழைய ஃபோல்டர் ஒன்றில் அத்தியாயம்4_இறுதி, அத்தியாயம்4_இறுதி_புதிது, அத்தியாயம்4_இறுதி_இதுதான், அத்தியாயம்4_இறுதி_இதுதான்_2 என்று நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அச்சுக்குப் போனது எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது தி01, தி02 என்று திருத்த எண் மட்டும். கொடுத்து முடித்த பிறகுதான் 'சென்றது' என்று சேர்ப்பேன், கூடவே ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்கிவிடுவேன்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்பதில் பல வருடம் பயந்துகொண்டு ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொண்டிருந்தேன். 2016 முதல் தமிழ்தான். பெரும்பாலும் தொல்லை இல்லை, இரண்டு இடத்தில் இடறியது. லினக்ஸுக்கு மாறியபோது சில ஃபைல்கள் காப்பி ஆக மறுத்தன. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடு வரை விடும். லினக்ஸில் அதே வேலையைச் செய்கிற எக்ஸ்ட்4 விடுவது 255 பைட். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நாம் மூன்றெழுத்து என்று எண்ணுகிற 'கோப்பு' கம்ப்யூட்டர் கணக்கில் க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று ஆறு குறியீடு, 18 பைட். ஆக, 85 குறியீட்டோடு பெயர் முடிந்துவிடவேண்டும். கட்டுரைத் தலைப்பை முழுசாக ஃபைல் பெயராக வைத்த இடமெல்லாம் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது இன்னும் விசித்திரம். நண்பர் அனுப்பிய 'கொள்முதல்' என்ற ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. விஷயம் என்னவென்றால் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். பெயரை ஒருமுறை நானே திரும்பத் தட்டச்சு செய்தேன், சரியாகிவிட்டது. வெளியிலிருந்து வரும் தமிழ்ப் பெயர் ஃபைல்களுக்கு இதை வழக்கமாகவே வைத்துக்கொண்டேன்.

தமிழ் என்றதும், ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் கொடுக்கிற பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கிற யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம் பிடித்துவிட்டது, விண்டோஸ் 2000-இல் ஆதரவும் வந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு வெகுகாலம் பலரும் எழுத்துருவை நம்பியே தட்டச்சு செய்தோம். அந்த ஃபைல்களை இன்று எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். அந்த அரைப்புள்ளிகள்தான் நம் மெய்யெழுத்தின் புள்ளிகள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் ஊடே உண்மையான ஆங்கிலச் சொல் வந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கி உளறிவைக்கும். அதனால் மாற்றியதையும் வைத்திருக்கிறேன், மூல ஃபைலையும் வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே எழுத்துரு ஃபைலையும் வைத்திருக்கிறேன்.

பேக்கப். ஒளிப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கைப் பலரும் கேட்டிருப்பீர்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நான் அதைக் கொஞ்சம் தளர்த்திப் பின்பற்றுகிறேன். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று எப்போதும் அண்ணன் வீட்டில். போகும்போது மாற்றி எடுத்துவருவேன். காப்பி முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுவேன், ஏனென்றால் பூட்டிப் பணம் பறிக்கிற வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும். கிளவுடும் உண்டு, அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு முறை போனில் இடம் பண்ண ஒரு படத்தொகுப்பை அழித்தேன். கிளவுடில் போயிற்று, அடுத்த நிமிடம் கம்ப்யூட்டரிலும் போயிற்று. ஒத்திசைவு என்றால் அழிப்பதிலும் ஒத்துப்போவதுதானே. அதன் குப்பைத்தொட்டியில் இன்னும் கிடந்ததால் தப்பித்தேன்.

வருடத்துக்கு ஒரு முறை பேக்கப் டிஸ்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து ஃபைலைத் திறந்து பார்ப்பேன். வெட்டி வேலைபோலத் தோன்றும். 2019-இல் அப்படிப் பார்க்கும்போதுதான் 'பணி' ஃபோல்டர் பதினொரு மாதமாகக் காப்பி ஆகவே இல்லை என்று தெரிந்தது. நான் ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தேன், பேக்கப் புரோகிராம் பழைய பெயரைத் தேடிக் காணாமல் பேசாமல் இருந்திருக்கிறது. தினமும் பச்சை டிக் வேறு காட்டிக்கொண்டிருந்தது.

உதிர்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைலுக்கு டேக் (தேட உதவும் குறிச்சொல்) போடுவது முந்நூறு ஃபைலோடு நின்றது. விண்டோஸில் வேர்டுக்கும் ஜேபெக்குக்கும் போட முடிகிறது, சாதா டெக்ஸ்ட் ஃபைலுக்கு முடியாது, பாதிக்கு மட்டும் போட்டு என்ன பயன்? ஃபோல்டருக்கு நிறம் கொடுத்தது இரண்டு வாரம். நகல் ஃபைல்களைக் கண்டுபிடித்து அழிக்கும் புரோகிராம், ஒரே படம் இரண்டு புத்தக வேலையில் இருப்பதைப் பார்த்து ஒன்றைத் தூக்கிவிட்டது, அதோடு அதையும் தூக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்வது என்ற தீர்மானம் நான்கு வெள்ளி தாண்டவில்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் எங்கே சேமிக்க என்று கேட்கும்படி பிரவுசரை மாற்றிவைத்தேன். கேட்டால் பதில் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டால் செய்வதில்லை. என் சுபாவம் அப்படி.

தீராமல் இருப்பது போன் படங்கள். கேமரா எண் 9999-ஐத் தாண்டினால் திரும்ப 0001-இல் தொடங்குகிறது, ஒரே பெயரில் இரண்டு படம் வந்து நிற்கிறது. இதையாவது படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த தேதியை வைத்து மொத்தமாகப் பெயர் மாற்றிச் சமாளிக்கலாம். அரட்டைச் செயலி வழியாக உறவினர்கள் அனுப்புகிற படங்களில் அந்தத் தேதியும் இருப்பதில்லை. திருமணம் எப்போது, படம் என்றைக்கு வந்தது என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பெயரிடவேண்டும். 'படங்கள்' ஃபோல்டருக்குள் 'பிரிக்கவேண்டியது' என்று ஒன்று 2020 முதல் இருக்கிறது. நேற்றுப் பார்த்தபோது 6,318 படம்.