ஒரே எண்ணா, வாரம் ஒரு எண்ணா?

லாட்டரி வாங்குபவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஆறு எண்களைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அவற்றையே கட்டுபவர்கள் ஒரு பக்கம். குலுக்கலுக்குக் குலுக்கல் எண்ணை மாற்றுபவர்கள் மறுபக்கம். விடாமல் கட்டினால் என்றைக்காவது விழுந்தே தீரும் என்பது முதல் கட்சியின் வாதம். இத்தனை நாள் விழாத எண் இனியா விழப்போகிறது என்பது அடுத்த கட்சியின் வாதம். இரண்டுக்கும் அடிப்படை கிடையாது. ஒவ்வொரு முறையும் எல்லாப் பந்துகளையும் மறுபடி உள்ளே போட்டுத்தான் குலுக்குகிறார்கள்.

49 எண்களில் 6 எடுக்கும் ஆட்டத்தில் 1,39,83,816 சேர்க்கைகள் இருக்கின்றன. நீங்கள் எழுதுவது அவற்றில் ஒன்று. வாரம் ஒரு டிக்கெட் வீதம் 50 ஆண்டுகள், அதாவது 2,600 குலுக்கல்களுக்கு வாங்கினாலும், முதல் பரிசு ஒரு முறையாவது விழும் வாய்ப்பு ஏறத்தாழ 5,380-ல் 1. எண்ணை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இந்தக் கணக்கு இம்மியும் அசையாது.

சென்ற முறை வந்த எண் உடனே திரும்ப வராது என்று நம்புபவர்கள் பல்கேரியாவைப் பார்க்கலாம். 2009 செப்டம்பர் 6 அன்று 4, 15, 23, 24, 35, 42 வந்தன. செப்டம்பர் 10 அன்று, அடுத்த குலுக்கலிலேயே, அதே ஆறு எண்கள். முதல் முறை ஆறும் பொருந்தியவர் ஒருவரும் இல்லை. இரண்டாம் முறை 18 பேர்!

அந்த 18 என்ற எண்ணிக்கையில்தான் விஷயமே இருக்கிறது. வாய்ப்பில் வேறுபாடு இல்லை. விழுந்தால் எத்தனை பேரோடு பங்கு போட வேண்டும் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. பிரிட்டனில் 1995 ஜனவரி 14 அன்று 7, 17, 23, 32, 38, 42 வந்தபோது ஆறும் பொருந்தியவர்கள் 133 பேர். சுமார் 1.6 கோடி பவுண்டு, ஆளுக்கு 1,22,510 பவுண்டாகச் சுருங்கிப்போனது. எண் கட்டும் சீட்டில் அவை பெரும்பாலும் நடுப்பகுதியில் இருந்த எண்கள். பலருடைய பேனா அங்கேயே போய் நின்றிருக்கிறது.

மாறாத எண் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பிறந்தநாள், திருமணநாள் என்று தேதிகளைத்தான் எடுக்கிறார்கள். தேதி 31-ஐத் தாண்டாது. ஆறு எண்களுமே 31-க்குள் அடங்கும் சேர்க்கைகள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அந்தச் சின்ன மூலையில் பெருங்கூட்டம் நிற்கிறது. அடுத்தடுத்த எண்களைப் பலர் தவிர்ப்பதும் வீண்தான். ஏறக்குறைய பாதிக் குலுக்கல்களில் அப்படி ஒரு ஜோடியாவது வந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில், கணினியே எண் போட்டுத் தரும் டிக்கெட்தான் மேல். அதற்குப் பிறந்தநாள் கிடையாது.

கையிருப்புப் பணத்துக்கு ஐந்து டிக்கெட் வாங்கலாம் என்றால், ஒரே குலுக்கலில் ஐந்து வெவ்வேறு எண்களா, ஐந்து வாரம் ஒரே எண்ணா? இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே குலுக்கலில் ஒரே எண்ணை ஐந்து முறை கட்டுவது மட்டும் வேண்டாம். வெற்றி வாய்ப்பு அதனால் அதிகரிக்காது.

என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. ஆறில் இரண்டு பொருந்துவது சராசரியாக ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் சாதாரண நிகழ்வு. நிலையான எண் வைத்திருப்பவருக்கு அது 'நெருங்கிவிட்டது' என்ற அறிகுறியாகத் தெரிகிறது. பிறகு ஒரு வாரம்கூட விட முடிவதில்லை. விட்ட வாரம் பார்த்து விழுந்துவிட்டால் என்ற பயம். எண்ணை மாற்றுபவருக்கு இந்தத் தளை இல்லை. வாங்காத வாரத்தில் எதை இழந்தோம் என்று அவருக்குத் தெரியவே வழியில்லை. கையில் காசு இல்லாத வாரம் நிம்மதியாக விட்டுவிடலாம்.

ஆகவே வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை கணினி போடும் எண்தான். பழைய எண்ணைக் கைவிட்டவர்கள், முடிவு வெளியாகும் நாளில் அதைத் தேடிப் பார்க்கவே வேண்டாம்.