பழைய கணினியில் வீட்டு ப்ளான்: எந்த இயந்திரத்துக்கு எந்த மென்பொருள்?

பழைய கணினிக்கு ப்ளான் வரையும் மென்பொருள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மெனுவையும் கதவு, ஜன்னல் சின்னங்களின் எண்ணிக்கையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. 115 மில்லிமீட்டர் தடுப்புச் சுவரை அதன் உண்மைத் தடிமனில் அந்த மென்பொருள் வைத்துக்கொள்ளுமா? வரைந்ததை அந்தப் பெட்டியை விட்டு வெளியே கொண்டுவர வழி இருக்கிறதா? இரண்டில் ஒன்று தவறினாலும் மற்ற வசதிகள் வீண். கீழே எல்லாவற்றையும் ஒரே தளத்தை வைத்து ஒப்பிட்டிருக்கிறோம்: நீளம் 12 மீட்டர், அகலம் 9 மீட்டர், வெளிச்சுவர் 230 மி.மீ., உள்சுவர் 115 மி.மீ.

எட்டு பிட் கணினிகள்

இங்கே கணக்குப் போட்டாலே விடை வந்துவிடும். ஆப்பிள் 2-இன் உயர் தெளிவுத் திரை 280×192 புள்ளிகள்; ஸ்பெக்ட்ரம் 256×192; கமடோர் 64 320×200. ஒன்பது மீட்டரை 192 புள்ளிகளில் அடக்கினால் ஒரு புள்ளி 47 மி.மீ. நம் உள்சுவர் இரண்டரைப் புள்ளி! அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. ஆகவே அதே சுவர் ஓரிடத்தில் இரண்டு புள்ளியாகவும் வேறிடத்தில் மூன்றாகவும் விழும். திரையைப் படமாகச் சேமிக்கும் எந்த மென்பொருளுக்கும் இதே கதிதான்.

கமடோர் 64-இல் ஜியாஸ் என்ற வரைகலை இயங்குதளம் இருந்தால், அதன் படம் வரையும் மென்பொருளான ஜியோபெயின்ட் கொஞ்சம் மேல். அதன் தாள் 640×720 புள்ளிகள். திரையில் ஒரு பகுதிதான் தெரியும், நகர்த்தி நகர்த்தி வரைய வேண்டும். இதில் ஒரு புள்ளியை 20 மி.மீ. என்று வைக்காதீர்கள். 23 மி.மீ. என்று வையுங்கள். அப்போது 115 சரியாக 5 புள்ளி, 230 சரியாக 10 புள்ளி, தாளின் அகலம் 14.7 மீட்டர், தளம் முழுவதும் அடங்கும். அறை அளவுகளையும் 23-இன் மடங்குகளாக முழுமையாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும், அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. ஒரு சுவரை நகர்த்த வேண்டுமானால் அழித்துவிட்டுத் திரும்ப வரைய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அறைக்குள் கட்டில், மேசை எப்படி அமையும் என்று பார்க்க இது போதும்; அளவு எழுதிய வரைபடம் இதில் எதிர்பார்க்கக் கூடாது.

டாஸ் கணினிகள்: உண்மையான போட்டி

இங்கேதான் தேர்வு சிக்கலாகிறது. முடிவு செய்வது செயலியின் வேகத்தைவிடக் கணிதத் துணைச்செயலி (தசமக் கணக்குகளைத் தனியே போடும் கூடுதல் சில்) இருக்கிறதா என்பது.

ஆட்டோகேட் 1982-இல் வெளிவந்தது. 1987 ஏப்ரலில் வந்த 2.6 பதிப்புதான் துணைச்செயலி இல்லாமல் ஓடும் கடைசிப் பதிப்பு. அதே ஆண்டு வந்த ரிலீஸ் 9 முதல் அது கட்டாயம். ஆகவே 8088 செயலியில் ஓடும் எக்ஸ்டி வகை ஐபிஎம் கணினியில் 8087 என்ற துணைச்செயலி இல்லாவிட்டால், போட்டி ஆட்டோகேட் 2.6-க்கும் ஜெனரிக் கேட்டுக்கும் இடையேதான்.

ஜெனரிக் கேட் இந்த மோதலில் தெளிவாக வெல்கிறது. கட்டளை ஒவ்வொன்றும் இரண்டே எழுத்து: கோட்டுக்கு எல்ஐ, முழு வரைபடத்தைக் காட்ட இசட்ஏ, சாளரம் போட்டுப் பெரிதாக்க இசட்டபிள்யூ, பக்கத்துப் புள்ளியைப் பிடிக்க என்பி. என்டர் தட்டும் வேலையே இல்லை. இடது கை விசைப்பலகையிலும் வலது கை மவுஸிலும் இருந்தால் மெனுவைத் திறக்காமலே ஒரு தளத்தை முடித்துவிடலாம். ஆட்டோகேட் 2.6-இலோ மிதவைப்புள்ளிக் கணக்கு (தசமக் கணக்கு) முழுவதையும் 8088 தானே செய்ய வேண்டும். படம் பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு ரீஜெனுக்கும் (படத்தை மறுபடி கணக்கிட்டுத் திரையில் வரைவது) காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதில்தான் வேலை என்று முடிவானால், சமையலறை, படுக்கையறை என்று ஒவ்வொரு பகுதிக்கும் வியூ கட்டளையில் பெயர் வைத்துச் சேமித்துவிடுங்கள். ஜூம் செய்து தேடுவது குறையும்.

ஜெனரிக் கேட் வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். பழைய பதிப்புகளுக்கு டிஎக்ஸ்எஃப் (வரைபட மென்பொருள்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கோப்பு வடிவம்) மாற்றி தனிப் பொருளாக விற்கப்பட்டது. கிடைத்த வட்டுகளில் அது இல்லை என்றால் வரைபடம் அந்தக் கணினிக்குள்ளேயே சிறைப்படும். பிளாட்டருக்கு (பேனாவால் தாளில் வரையும் கருவி) அனுப்பும் கோப்பு ஒன்றுதான் வழி.

8087 வாங்கிப் பொருத்துவது பெரிய வேலையில்லை, ஆனால் வேகம் பொருந்த வேண்டும். வெறும் 8087 என்று அச்சிட்டது 5 மெகாஹெர்ட்ஸ், 8087-2 என்பது 8, 8087-1 என்பது 10. வேகம் கூட்டிய டர்போ எக்ஸ்டியில் 5 மெகாஹெர்ட்ஸ் சில்லைச் செருகினால் நடுவில் உறைந்துபோகும்; அதைவிட மோசம், உறையாமல் தப்பான விடை தருவது. சில்லின் பள்ளம் சாக்கெட்டின் பள்ளத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஐபிஎம் பிசியிலும் எக்ஸ்டியிலும் முதல் ஸ்விட்ச் தொகுதியின் 2-ஆம் ஸ்விட்சை ஆஃப் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சில் இருப்பதே கணினிக்குத் தெரியாது.

துணைச்செயலி வந்த பிறகு 640 கேபி நினைவகத்துக்குள் ஓடும் ஆட்டோகேட் ரிலீஸ் 10 (1988) நல்ல துணை. அதில் அடிக்கடி வரும் தொல்லை, ஆட்டோகேட்டுக்குள் ஓடும் லிஸ்ப் மொழி நிரலை ஏற்றும்போது நோட் ஸ்பேஸ் (அதற்கான நினைவிடம்) போதவில்லை என்ற செய்தி. கணினி தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் லிஸ்ப்ஹீப், லிஸ்ப்ஸ்டாக் இரண்டுக்கும் மதிப்புக் கொடுங்கள். கூட்டுத்தொகை 45,000-ஐத் தாண்டக் கூடாது.

386 இருக்கிறவர்கள் வேறெதையும் பார்க்க வேண்டாம்: 1992-இன் ரிலீஸ் 12. கூடவே 387 துணைச்செயலி வேண்டும். 486 வைத்திருப்பவர்கள் அது டிஎக்ஸா எஸ்எக்ஸா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எக்ஸில் துணைச்செயலி கிடையாது, நிறுவல் முடிந்த பிறகு தொடங்க மறுக்கும். 8 எம்பி நினைவகம் இருந்தால்தான் நிம்மதி. வேறு கணினியிலிருந்து நகலெடுத்த தொகுப்பு திரையைக் காட்டாமல் நின்றால் ஏகேட்.சிஎஃப்ஜி கோப்பை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். திரை, மவுஸ், பிளாட்டர் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும். வட அமெரிக்காவுக்கு வெளியே விற்ற பதிப்புகள் பலவற்றுக்கு பேரலல் போர்ட்டில் செருகும் பூட்டு தேவை. பூட்டு இல்லாமல் வட்டுகளை மட்டும் வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

ரிலீஸ் 12-இல் நம் தளத்தை வரையும் வரிசை இது. ஒரு அலகு ஒரு மி.மீ. என்று கொண்டு உண்மை அளவிலேயே வரையுங்கள். 1:50 என்பது பிளாட் செய்யும்போது மட்டும். லிமிட்ஸ் (வரையும் பரப்பின் எல்லை) 0,0 முதல் 21000,14850 வரை. அது ஏ3 தாள் 1:50-இல் கொள்ளும் பரப்பு. பிலைன் (தொடர்கோடு) கட்டளையில் 0,0 தொடங்கி, @ என்றால் முந்தைய புள்ளியிலிருந்து என்று கொண்டு, @12000,0 பிறகு @0,9000 பிறகு @-12000,0 கொடுத்து மூடுங்கள். ஆஃப்செட் (இணைகோடு போடுவது) 230, உள்பக்கம். அடுத்து எக்ஸ்ப்ளோட், தொடர்கோடு தனித்தனிக் கோடுகளாகும். உள்முகக் கோட்டை அறையின் அகலத்துக்கு ஆஃப்செட் செய்து, அதையே மறுபடி 115 ஆஃப்செட் செய்தால் தடுப்புச் சுவர். கதவுக்கு, சுவர் மூலையிலிருந்து 100 தள்ளி ஒரு கோடு, அதிலிருந்து 900 தள்ளி இன்னொன்று, நடுவில் ட்ரிம் (வெட்டி நீக்குவது).

எழுத்து தாளில் 2.5 மி.மீ. தெரிய வேண்டுமானால் வரைபடத்தில் 125 அலகு உயரம், டிம்ஸ்கேல் (அளவுக் குறிப்புகளின் பெருக்கம்) 50. இதே போல எல்டிஸ்கேலையும் (கோட்டு வகைகளின் பெருக்கம்) 50 என்று வைத்துவிடுவார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வது. கோட்டு வகைக் கோப்பு அங்குலத்தை நினைத்து எழுதப்பட்டது; டேஷ்ட் (துண்டுக்கோடு) வகையின் ஒரு துண்டு 0.5 அலகு. 50-ஆல் பெருக்கினால் 25 மி.மீ., தாளில் அரை மில்லிமீட்டர். விட்டம், மேல் அலமாரி போன்ற மறைகோடுகள் எல்லாம் முழுக்கோடு போலவே அச்சாகும், ஆயிரக்கணக்கான துண்டுகளை வரைவதால் ரீஜெனும் இழுக்கும். 500 என்று வையுங்கள்: தாளில் 5 மி.மீ. கோடு, 2.5 மி.மீ. இடைவெளி.

திரை அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. சிஜிஏயின் 640×200-இல் ஒரு புள்ளியின் உயரம் அகலத்தைப் போல 2.4 மடங்கு, கிடைக்கோட்டுச் சுவர்கள் தடித்தும் நெடுக்குச் சுவர்கள் மெலிந்தும் தெரியும். எக்ஸ்டியில் ஹெர்குலிஸ் (720×348) கண்ணுக்கு எவ்வளவோ இதம். விஜிஏ இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

விண்டோஸ் 3.1

ப்ரோடர்பண்டின் 3டி ஹோம் ஆர்க்கிடெக்ட் சுவரைச் சுவராகவே புரிந்துகொள்கிறது: ஜன்னலைச் சுவர்மீது வைத்தால் திறப்பு தானே விழும், முப்பரிமாணக் காட்சியும் பொருள் பட்டியலும் கிடைக்கும். ஆட்டோகேட்டில் அரை நாள் ஆகும் வேலை இதில் ஒரு மணி நேரம். ஆனால் அமெரிக்க மரச்சட்ட வீட்டை மனதில் வைத்துச் செய்தது. செங்கல் சுவர்த் தடிமனை அதனிடம் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டுக்காரர் யோசித்துப் பார்க்க இது, மேஸ்திரி கையில் கொடுக்க ஆட்டோகேட்.

மேக்கின்டாஷ்

மேக்டிராவை எல்லோரும் பாராட்டுவார்கள், நியாயம்தான். ஆனால் அது ஒரு அங்குலத்துக்கு 72 என்ற முழு எண் கட்டங்களில்தான் சிந்திக்கிறது. 1:50-இல் ஒரு கட்டம் 17.6 மி.மீ. ஆகவே 115 மி.மீ. சுவர் ஆறரைக் கட்டம். 6 என்றால் 106, 7 என்றால் 123. ஒரு சுவரில் 8 மி.மீ. என்றால் யாருக்கும் கவலையில்லை. நான்கைந்து சுவர்கள் வரிசையாக வரும்போது, எழுதிய அளவுகளைக் கூட்டினால் மொத்த நீளத்தோடு ஒட்டாது.

டீல் கிராஃப்சாஃப்டின் மினிகேட் (1985-இல் தொடங்கி, பின்னாளில் வெக்டர்வொர்க்ஸ் ஆனது) எண்களை எண்களாகவே வைத்துக்கொள்ளும். மினிகேட்+ பதிப்புகளில் சுவருக்கென்றே கருவி உண்டு. கிளாரிஸ் கேட் பழகுவதற்கு இவற்றில் எளிது: சுட்டி ஒரு கோட்டின் முனையையோ மையத்தையோ நெருங்கினால் தானே சொல்லும். ஒருவேளை அமர்ந்த நாளே வரைய வேண்டும் என்றால் கிளாரிஸ், டிஎக்ஸ்எஃப் முக்கியம் என்றால் மினிகேட். கட்டட வரைபட மென்பொருளான ஆர்க்கிகேட், வன்பூட்டு (கணினியில் செருகும் பூட்டு) இல்லாவிட்டால் டெமோவாகத்தான் ஓடும்.

ஆர்க்கிமிடிஸ், எஸ்டி, அமிகா

ஏகார்ன் ஆர்க்கிமிடிஸ் வைத்திருப்பவர்கள் எதையும் வாங்குமுன் கூடவே வரும் டிரா மென்பொருளைத் திறந்து பாருங்கள். அதன் உள் அலகு ஒரு பாயின்ட்டின் (அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு) 640-இல் ஒரு பங்கு. மேக்டிராவின் கட்டத்தைவிட அத்தனை மடங்கு நுணுக்கம். தட்டச்சு செய்து அளவு கொடுப்பதற்குப் பதிலாகக் கட்டவலையைப் பூட்டி வரைவது மட்டுமே குறை. டிஎக்ஸ்எஃப் கோப்பை உள்ளே வாங்கும், வெளியே தராது. போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சு இயக்கியைத் தேர்ந்து கோப்பாக அச்சிட்டால் இன்றைய கணினியில் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம்.

டைனாகேட் என்ற வரைபட மென்பொருள் அட்டாரி எஸ்டிக்கும் கமடோர் அமிகாவுக்கும் உண்டு. இரண்டும் கைவசம் இருந்தால் எஸ்டியில் வரையுங்கள். அதன் ஒற்றை வண்ண 640×400 திரை ஆடாது. அமிகாவின் இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாகக் காட்டும்) திரையில் ஒரு புள்ளித் தடிமனுள்ள கிடைக்கோடுகள் துடிக்கும். ப்ளான் என்றாலே அத்தகைய கோடுகள்தான்.

வெளியே கொண்டுவருவது

முதல் வழி பிளாட்டர். எச்பி 7475ஏ ஏ3 வரை வரையும், ஆறு பேனா. பிளாட்டருக்கு ஆணையிடும் எச்பிஜிஎல் மொழியின் அலகு 0.025 மி.மீ. என்பதால் 1:50-இல் துல்லியம் 1.25 மி.மீ.; தாராளம். பாதி வரை ஒழுங்காக வரைந்துவிட்டுத் திடீரென்று தாளின் குறுக்கே கோடு இழுத்தால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். பிளாட்டரின் 1,024 பைட் தாங்ககம் (பஃபர்) நிரம்பி வழிந்திருக்கிறது. பிளாட்டரின் 20-ஆம் முள்ளிலிருந்து கணினியின் 25 முள் போர்ட்டில் 5, 6-க்கு கம்பி போகிறதா என்று பாருங்கள். கோப்பை டாஸிலிருந்து அனுப்புவதானால் முதலில் மோட் காம்1:9600,என்,8,1,பி என்ற கட்டளையைக் கொடுங்கள். கடைசி எழுத்தை விட்டுவிட்டால் பிளாட்டர் நிறுத்தச் சொல்லும்போது டாஸ் பொறுத்திருக்காமல் பிழை காட்டும்.

இரண்டாம் வழி டிஎக்ஸ்எஃப். ஆட்டோகேட்டில் டிஎக்ஸ்எஃப்அவுட் தந்து 6 தசம இடம் என்ற இயல்பு மதிப்பையே ஏற்றுக்கொள்ளுங்கள். லிப்ரேகேட் போன்ற இன்றைய மென்பொருள்கள் படிக்கும். வந்திருக்கும் டிடபிள்யூஜி (ஆட்டோகேட்டின் சொந்தக் கோப்பு) எந்தப் பதிப்பு என்பது தெரியாவிட்டால் கோப்பின் முதல் ஆறு எழுத்தைப் பாருங்கள்: ஏசி1003 என்றால் 2.6, ஏசி1006 ரிலீஸ் 10, ஏசி1009 ரிலீஸ் 11 அல்லது 12. மேக்கிலிருந்து வரும் உரைக் கோப்பில் வரி முடிவுக் குறி வேறு; படிக்க மறுத்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

வட்டுகளில் இரண்டு பொறிகள். மேக்கின் 800 கேபி வட்டை பிசியின் எந்த டிரைவும் படிக்காது, 1.44 எம்பி டிரைவ் உள்ள மேக்கும் ஆப்பிள் ஃபைல் எக்ஸ்சேஞ்சும் வேண்டும். 360 கேபி வட்டில் 1.2 எம்பி டிரைவால் எழுதினால், அதன் குறுகிய தலை பழைய தடத்தை முழுதாக அழிக்காததால் எக்ஸ்டியில் படிக்காமல் போகலாம். அந்தப் பக்கம் போகும் வட்டை எக்ஸ்டியிலேயே ஃபார்மேட் செய்து எழுதுங்கள், அல்லது சீரியல் கேபிளும், கெர்மிட் என்ற கோப்பு அனுப்பும் மென்பொருளும் போதும்.

எதையும் முடிவு செய்யுமுன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். 5000 மி.மீ. பக்கமுள்ள சதுரம், 115 மி.மீ. சுவர், உள்ளே 4770 இருக்க வேண்டும். டிஎக்ஸ்எஃப் ஆக்கிப் புதுக் கணினியில் திறந்து உள்பக்கத்தை அளங்கள். மேக்டிராவில் 1:50-இல் வரைந்தால் சுமார் 4745 வரும். முழு எண் கட்டம் 25 மி.மீ. தின்றுவிட்டது, அதற்கு மருந்தில்லை. 1,21,158 என்று காட்டினால் பதற வேண்டாம். ரிலீஸ் 12 கால டிஎக்ஸ்எஃப்பில் அலகு குறிக்கப்படுவதில்லை. திறந்த மென்பொருள் அங்குலமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இறக்கும்போது மி.மீ. என்று சொல்லுங்கள், அல்லது மொத்தத்தையும் 0.03937-ஆல் ஸ்கேல் செய்யுங்கள்.